பவளப்பாறை எப்பிடி உருவாகுது? அது கல்லா, உயிரா? அதுக்கு ஏன் இவ்வளவு கதை?

நான் இலங்கையில திருகோணமலைக்குப் பக்கத்தில இருக்கிற நிலாவெளி. மாமா போட் ஓடுறவர், மே மாசம் கடல் அடங்கினா செப்டெம்பர் மட்டும் நானும் அவரோட எதிர இருக்கிற புறாமலை எண்ட தீவுக்கு ஆக்களை ஏத்தி இறக்கிறனான், அதால இந்தக் கேள்வியை வருசா வருசம் கனபேர் என்னட்டக் கேட்டிருக்கினம். தீவில இறங்கின உடன எல்லாரும் குனிஞ்சு எடுக்கிறது ஒரே சாமான்தான், விரல் மாதிரி வெள்ளையா ஒரு துண்டு. அங்க கரையில மணலோட சேந்து அதுதான் குவியல் குவியலாக் கிடக்கும், நடந்தா ஓட்டுத்துண்டு மாதிரி கலகலக்கும். "தம்பி இது சிப்பியா எலும்பா" எண்டு கேப்பினம். எலும்பு எண்டு சொல்லுறவைதான் உண்மைக்குக் கிட்ட நிக்கினம்.

அந்தத் துண்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ, மேல முழுக்க குண்டூசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கும். ஒவ்வொரு குழியிலயும் ஒரு காலத்தில ஒரு பிராணி இருந்தது. பொலிப் எண்டு சொல்லுவினம், சொறிமுட்டைக்கு, அதான் ஜெலிமீனுக்குச் சொந்தம், மெத்தெண்ட உடம்பு, ஒரே ஒரு வாய், வாயைச் சுத்திக் குட்டிக் கைகள். அது கடல்தண்ணியில கரைஞ்சிருக்கிற கல்சியத்தை எடுத்து தனக்குக் கீழயும் சுத்திவரவும் கல்சியம் காபனேற்றால, அதாவது சுண்ணாம்பால, ஒரு கிண்ணம் கட்டி அதுக்குள்ள இருக்கும், பிறகு கொஞ்சம் மேல ஏறித் தனக்குக் கீழ புதுத் தட்டொண்டு போடும், அப்பிடியே ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், இப்பிடிப் பக்கத்தில பக்கத்தில ஆயிரக்கணக்கில சேந்து இருக்கிறதைத்தான் நாங்கள் ஒரு முருகைக்கல் எண்டு சொல்லுறம். உயிர் இருக்கிறது மேல மெல்லிய தோல் மாதிரி ஒரு படையில மட்டும்தான், உள்ளுக்கு இருக்கிறது முழுக்க முன்னம் இருந்ததுகள் கட்டி விட்டுட்டுப் போன வீடு.

பவளம் எண்ட சொல்லால ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிடுறன். செவ்வாய்க்கு எண்டு சாத்திரியார் சொல்லி மோதிரத்தில வைக்கிற சிவப்புப் பவளம் வேற. பேர்போன சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் பக்கம் வெளிச்சம் குறைஞ்ச இடத்தில வளர்றது, அது பாறை கட்டாது. எங்கட பக்கம் ஆக்கள் முருகைக்கல் எண்டுதான் சொல்லுவினம், எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும்.

சரி, முதல் பொலிப் எங்க இருந்து வந்தது? முருகைக்கல் நடக்காது, நீந்தாது, அதால கனக்க இனங்கள் முட்டையையும் விந்தையும் கடல்லயே விடும். அவுஸ்திரேலியாவில பெரிய பாறைத்தொடர்ல வருசத்துக்கு ஒருக்கா பூரணை கழிஞ்ச சில இரவுகள்ல கனக்க இனங்கள் ஒண்டாச் சேந்து விடுமாம். தண்ணியில கருக்கட்டின குஞ்சு அரிசிமணியை விடச் சின்னன், கொஞ்ச நாள் மிதந்து திரிஞ்சு ஒரு கெட்டியான இடம் பாத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினா ஒட்டினதுதான், பிறகு சாகுமட்டும் அதே இடம்.

இப்ப எனக்கு ஆக ஆச்சரியமான விசயத்துக்கு வாறன். பொலிப்பின்ர தோலுக்குள்ள ஒற்றைக் கலப் பாசி குடியிருக்குது. பாசி வெயிலை வைச்சுச் சாப்பாடு செய்யும், செய்யிறதில பெரும் பங்கை வீட்டுக்காரனுக்குக் குடுக்கும், முருகைக்கல்லுக்குத் தேவையான சக்தியில 90 வீதம் வரைக்கும் இப்பிடித்தான் வருது. பொலிப் பதிலுக்கு இடம் குடுக்குது, தன்ர கழிவைக் குடுக்குது, அது பாசிக்குப் பசளை. நிறத்திலயும் பெரும்பங்கு பாசியாலதான். வெப்பவலயக் கடல்தண்ணி தெளிவா இருக்கிறதே அதில சத்து குறைவு எண்டதாலதான், அப்பிடி வெறுமையான தண்ணிக்குள்ள இவ்வளவு மீனும் இறாலும் நண்டும் எப்பிடி வாழுது எண்டா இந்த ரெண்டு பேரின்ர கொடுக்கல் வாங்கலாலதான். கடலடியில ஒரு வீதத்துக்கும் குறைஞ்ச இடம்தான் இந்தப் பாறைகளுக்கு, ஆனா கடல் உயிரினங்கள்ல கிட்டத்தட்ட கால்வாசி வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்தில இதை நம்பித்தான் இருக்குது.

பாசிக்கு வெயில் வேணும், அதால ஆழமில்லாத தெளிஞ்ச தண்ணி வேணும். மாவலி ஆறு சேத்தையும் நல்ல தண்ணியையும் கொண்டுவந்து கொட்டியாரக் குடாவுக்குள்ள கொட்டுது, ஆத்துவாயில முருகைக்கல் இருக்கிறது கஷ்டம், சேறு மூடினாப் பாசிக்கு வெளிச்சமில்லை. நிலாவெளிப் பக்கம் அந்தக் கரைச்சல் இல்லை.

வளர்ச்சி எவ்வளவு எண்டு கேட்டா, மான்கொம்பு மாதிரிக் கிளைவிடுறது நல்ல இடத்தில வருசத்துக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேலயும் போகும், உருண்டை உருண்டையா இருக்கிறது வருசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். வெட்டி எக்ஸ்ரே எடுத்தா மரத்தில மாதிரி வருசக்கோடு தெரியும். எனக்கு எட்டு வயசில நீந்தேக்க போடுற கண்ணாடிக்குள்ள தண்ணி வந்து பயத்தில ஒரு உருண்டைக்கு மேல ஏறி நிண்டிட்டன், கால் வெட்டி ரத்தம், முருகைக்கல் வெட்டினா லேசில ஆறாது. மாமா காயத்தைப் பாக்கேல்லை, கல்லைத்தான் பாத்தவர். "மருமகன், நீ மிதிச்சது உன்ர அப்பப்பாவை விட வயசான சாமான்" எண்டார். அண்டைக்கு விளங்கேல்லை. ஒரு மீற்றர் உயரம் எண்டா நூறு வருசம், கணக்குப் பாத்தா அவர் சொன்னது சரிதான்.

ஒரு கல் பாறைத்தொடர் ஆகிறதுக்கு ஆயிரக்கணக்கான வருசம். கரையோட ஒட்டி இருக்கிறது ஒரு வகை, எங்கட பக்கம் அதுதான். கரைக்கும் பாறைக்கும் இடையில அகலமாக் கடல் கிடந்தா இன்னொரு வகை, நடுவில தீவே இல்லாம வளையம் மட்டும் இருந்தா அதோல், அந்தச் சொல்லே மாலைதீவு ஆக்களின்ர மொழியில இருந்து போனது. எரிமலைத் தீவு மெல்ல மெல்லத் தாழ முருகைக்கல் வெளிச்சத்துக்காக மேல மேல கட்டிக்கொண்டு போகும், கடைசியில தீவு மூழ்கி வளையம் மிஞ்சும் எண்டு டார்வின் 1842இல எழுதினவர். ஒருத்தராலயும் தோண்டிப் பாக்க ஏலாத காலம் அது. 1952இல பசிபிக்கில எனிவெட்டொக் எண்ட இடத்தில துளை போட்டவை, 1,200 மீற்றருக்கும் மேல முருகைக்கல்லின்ர சுண்ணாம்பு, அதுக்குக் கீழ எரிமலைப் பாறை. குண்டூசி முனைக் குழிக்குள்ள இருக்கிற பிராணி கட்டினது ஒரு கிலோமீற்றருக்கும் மேல!

கரையைக் காக்கிறதும் இதுதான். நல்ல பாறை அலையின்ர சக்தியில சராசரியா 97 வீதத்தை வெளியிலயே உடைச்சுப்போடும் எண்டு கணக்குப் பாத்திருக்கினம். கிளிமீன் சொண்டால கல்லைக் கடிச்சுத் திண்டு வெள்ளை மணலாக் கழிக்கும். புறாமலையில இறங்கினா செட்டைநுனி கறுத்த சுறா வரும், பயப்பிட வேண்டாம், தங்கட பாட்டில போகுங்கள்.

பயம் எல்லாம் சூட்டுக்குத்தான். வழமையான கோடைச் சூட்டை விட ஒரு பாகை கூடி சில கிழமை நிண்டாலே பொலிப் பாசியை வெளிய தள்ளிடும், கல் பால் மாதிரி வெளுக்கும். அந்த நேரம் செத்திட்டுது எண்டில்லை, பட்டினி கிடக்குது. தண்ணி கெதியாக் குளிர்ந்தா தப்பும், இல்லாட்டிச் சாகும், பிறகு வேற பாசி மூடிடும். 1998இல இலங்கையின்ர தெற்கு, மேற்குக் கரையில ஏராளம் செத்தது, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பினது, 2003இல புறாமலை தேசிய பூங்கா ஆனது. ஆனா 2024இல உலகம் முழுக்க நாலாவது தரம் வெளுக்கத் தொடங்கிட்டுது எண்டு அறிவிச்சவை. வெளுத்ததுக்கு மேலயே நங்கூரம் போட்டு, மிதிச்சு, டைனமைட் அடிச்சா அது எழும்பவே எழும்பாது. அதால வாறவையை மாமா மணல் தரையிலதான் இறக்குவார், நிக்க வேணும் போல இருந்தா மணலுக்கு வந்து நில்லுங்கோ எண்டு ரெண்டு தரம் சொல்லுவார், எடுத்த துண்டைப் பையில வைக்க விடமாட்டார், அது சட்டப்படியும் பிழை.

போன வருசம் செத்துப்போன ஒரு மான்கொம்பின்ர அடியில ஊதா நிறத்தில சின்ன விரல் நகத்தளவு ஒண்டு ஒட்டியிருக்கக் கண்டன். எங்க இருந்து மிதந்து வந்ததோ தெரியாது. இப்ப ஒவ்வொரு தரம் இறங்கேக்கையும் முதல் அதைத்தான் போய்ப் பாக்கிறன், கடைசியாப் பாக்கேக்க அஞ்சு ரூபாக் குத்தியளவு வந்திருந்தது.