ஒவ்வாமைப் பகுதி காலியாக வந்தால்? – மருத்துவப் பதிவுப் பரிமாற்றம், கேள்வி பதில்

ரிப்போர்ட்டுகளை எல்லாம் பிடிஎஃப்பாகவே அனுப்புகிறோம். போதாதா?

படிக்கிற மருத்துவருக்குப் போதும். வாங்குகிற சிஸ்டத்துக்கு அது ஒரு படம் மாதிரிதான். அதிலிருந்து ஐந்து வருட சர்க்கரை அளவை வரிசையாக எடுத்துக் காட்ட முடியாது. பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரநிலைகளை வகுக்கும் எச்எல்7 அமைப்பின் சிடிஏ (CDA, மருத்துவ ஆவணங்களுக்கான கட்டமைப்பு) ஆவணத்துக்குள் வைத்து அனுப்புங்கள். யாருடைய பதிவு, யார் எழுதியது, என்றைக்கு என்பதாவது தலைப்பகுதியில் ஒழுங்காக இருக்கும்.

வந்த ஆவணத்தில் ஒவ்வாமைப் பகுதி காலி. ஒவ்வாமை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. "ஒவ்வாமை இல்லை", "கேட்கவில்லை", "கேட்டோம், அவருக்கே தெரியவில்லை" மூன்றும் வேறு வேறு. முதலாவதை வெளிப்படையாகப் பதிய வேண்டும். மற்ற இரண்டையும் சொல்ல சிடிஏவில் நல்ஃபிளேவர் என்ற பண்பு இருக்கிறது. அனுப்புகிறவர் அதை நிரப்பியே ஆகவேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். சிடிஏவில் ஒவ்வொரு பகுதிக்கும் மனிதர் படிக்கும் உரை ஒன்று, கணினி படிக்கும் குறியீட்டுப் பதிவு ஒன்று. நான் திறந்து பார்த்த ஒரு ஃபைலில் உரையில் "பென்சிலின் – உடம்பெல்லாம் தடிப்பு" என்று தெளிவாக எழுதியிருந்தது. குறியீட்டுப் பக்கம் ஒன்றுமே இல்லை. வாங்கிய சிஸ்டம் குறியீட்டை மட்டும் பார்த்து "பதிவு இல்லை" என்று காட்டியது. எனக்குப் பகீரென்றது. மருத்துவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பது அந்த உரைக்குத்தான். அதனால் எவ்வளவு தானியங்கியாக ஆக்கினாலும் உரையைத் திரையில் காட்டாமல் விடாதீர்கள்.

குளுக்கோஸ் 7 என்று வருகிறது. எங்கள் சிஸ்டம் ஆபத்தான குறைவு என்கிறது!

அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 7 மில்லிமோல் என்றால் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். 18ஆல் பெருக்கினால் வரும். ஆக, அது குறைவே இல்லை. பரிசோதனைகளுக்கான லாயின்க் (LOINC) குறியீட்டுத் தொகுப்பிலும் இரண்டும் தனித்தனி: ரத்த சீரம் அல்லது பிளாஸ்மா குளுக்கோஸ் மில்லிகிராமில் 2345-7, மில்லிமோலில் 14749-6. எண், அலகு, குறியீடு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இறக்குமதி செய்யுங்கள்.

எச்எல்7இன் புதிய தரநிலையான ஃபயர் (FHIR) வந்துவிட்டதே, சிடிஏவைத் தூக்கிவிடலாமா?

ஓடிக்கொண்டிருப்பதை உடைக்க வேண்டாம். இப்போது பயன்படுகிற சிடிஏ பதிப்பு 2005இல் வந்தது. இன்றும் டிஸ்சார்ஜ் சம்மரிக்குச் சரியாகவே வேலை செய்கிறது. ஒரே ஒரு பரிசோதனை முடிவை மட்டும் கேட்டு வாங்க வேண்டும், மொபைல் செயலி எழுத வேண்டும் என்றால் ஃபயர்தான் வசதி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். முழு ஆவணமாக அனுப்பவும் அதில் வழி உண்டு.

திருத்திய சம்மரியை அனுப்பினால் அங்கே இரண்டாகத் தெரிகிறது.

செட் ஐடியை, அதாவது ஓர் ஆவணத்தின் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான அடையாளத்தை, மாற்றியிருப்பீர்கள். அது பழையதாகவே இருக்கட்டும். ஆவண ஐடி புதிது, பதிப்பு எண் ஒன்று கூடுதல். அப்புறம், எந்த ஆவணத்துக்குப் பதிலாக இது வருகிறது என்ற இணைப்பையும் தலைப்பகுதியில் போடுங்கள்.