கிணற்று நீர் அறிக்கையில் "மொத்த கோலிஃபார்ம் 23, ஈ.கோலி உண்டு" என்று வந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

போதாது. பவுடர் போடத்தான் வேண்டும், ஆனால் அது கடைசியில் செய்யும் வேலை. உள்ளே இருக்கும் கிருமியைக் குளோரின் கொல்லும். கிருமி வந்த வழியை அது அடைக்காது. வழி திறந்தே கிடந்தால் அடுத்த மழைக்கு அதே அறிக்கை மறுபடி வரும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வீட்டில் யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கில் பாக்டீரியா இருந்தாலும் நீர் கலங்கித் தெரியாது. கோலிஃபார்ம் என்பது ஈ.கோலி உட்பட ஒரு பாக்டீரியாக் கூட்டம்; அதற்கான சோதனை நோய்க்கிருமியைத் தேடுவதும் இல்லை. காலரா, டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ என ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுவது கடினம். நோய்த்தொற்று உள்ள ஒருவரின் கழிவு கலந்தால்தான் அவை நீரில் இருக்கும். ஈ.கோலியோ நலமாக இருப்பவர் மலத்திலும் எப்போதும் உண்டு. குழந்தை மருத்துவர் தியோடோர் எஷரிஷ் 1885-இல் அதைக் கண்டெடுத்ததே குழந்தைகளின் மலத்திலிருந்துதான். ஆகவே ஈ.கோலி இருந்தால் மலம் நீருக்கு வந்து சேரும் பாதை ஒன்று திறந்திருக்கிறது என்று பொருள். இன்று அந்தப் பாதையில் நோய்க்கிருமி வராமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மொத்த கோலிஃபார்ம் என்பது வேறு கணக்கு. அதில் அடங்கும் கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் ஆகிய பாக்டீரியா வகைகளில் பல மண்ணிலும் அழுகிய இலையிலும் இயல்பாக வாழ்பவை. அது மட்டும் வந்திருந்தால் மூடி சரியில்லை, இலைதழை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈ.கோலி வந்துவிட்டதால் அந்த ஆறுதல் உங்களுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி குடிநீரில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

100 மில்லிக்கு 23 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். எம்.பி.என். (மிக நிகழக்கூடிய எண்) முறையில் யாரும் கிருமியை எண்ணுவதில்லை. 10 மில்லி, 1 மில்லி, 0.1 மில்லி என மூன்று அளவுகளில் ஐந்தைந்து குழாய்களில் நீரை ஊட்டக் கரைசலோடு வைத்து, 35 டிகிரியில் எத்தனை குழாயில் வாயு வந்தது என்று பார்த்து, அட்டவணையிலிருந்து எண்ணை எடுக்கிறார்கள். 10 மில்லி குழாய் ஐந்திலும் வாயு வந்து மற்ற பத்திலும் வராவிட்டால் கிடைக்கும் விடை 23. உண்மை எண் ஏறக்குறைய 7 முதல் 70 வரை எங்கும் இருக்கலாம். போன மாதம் 40, இந்த மாதம் 23, குறைந்துவிட்டது என்று மகிழ்வது வீண்.

இதெல்லாம் முடியும்வரை குடிக்கவும் சமைக்கவும் பல் துலக்கவும் நீரைக் கொதிக்க வையுங்கள். நன்றாகத் தளதளவெனக் கொதித்து ஒரு நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்பது எரிபொருள் விரயம். ஒரு விதிவிலக்கு: நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கொதிக்க வைப்பது அதைக் குறைக்காது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் ஏறும். அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது.

அடுத்து, மாதிரி எடுத்த விதம் சரிதானா என்று பாருங்கள். தவறான அறிக்கைகளில் பல பிறப்பது குழாயடியில்தான். தோட்டத்து ரப்பர் குழாயிலிருந்தோ, முனையில் சல்லடை உள்ள குழாயிலிருந்தோ பிடித்திருந்தால் சோதித்தது கிணற்றை அல்ல, அந்தச் சல்லடையில் படிந்த பாசியை. சல்லடையைக் கழற்றி, முனையைத் தீச்சுடரில் காட்டி அல்லது 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலை அலசக் கூடாது. அடியில் இருக்கும் வெள்ளைப் பொடியோ துளிகளோ சோடியம் தயோசல்பேட். நீரில் மிச்சமுள்ள குளோரினை முறிக்க வைத்தது. அதைக் கொட்டிவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வந்து, கெட்ட நீருக்கும் "இல்லை" என்று அறிக்கை வரும். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை காலியிடம் விட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உருகிய நீர் மூடியைத் தொடாமல் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை: வழியைக் கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு மாதிரி போதாது. கிணற்றில் நேராக ஒன்று, மேல்நிலைத் தொட்டியில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று என ஒரே நாளில் மூன்று எடுங்கள். கிணறு சுத்தம், தொட்டி அசுத்தம் என்று வந்தால் கிணற்றைத் தொடவே வேண்டாம். விரிசல் விட்ட தொட்டி மூடியும் உள்ளே விழுந்த பறவை எச்சமுமே காரணமாக இருக்கும்.

கிணற்றில்தான் என்றால் மோட்டாரைப் போட்டவுடன் ஒரு மாதிரி, 30 நிமிடம் இறைத்தபின் ஒரு மாதிரி. முதலாவதில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் அழுக்கு கிணற்றுக்குள்ளேயோ குழாயிலோ ஒட்டியிருக்கிறது. இறைக்க இறைக்கக் கூடினால் நிலத்தடி நீரோடு வெளியிலிருந்து இழுக்கப்பட்டு வருகிறது, அது பெரிய வேலை. மழையையும் சேர்த்துப் பாருங்கள். மழை பெய்த ஓரிரு நாளில் எண் ஏறிப் பிறகு இறங்கினால் மேல்மண் நீர் நேராக உள்ளே புகுகிறது: உடைந்த சிமெண்ட் மேடை, தரைமட்டத்தோடு நிற்கும் கேசிங் குழாய் (துளையின் சுவரைத் தாங்கும் வெளிக்குழாய்), குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே அடைக்காமல் விட்ட இடைவெளி. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி இருந்து, நைட்ரேட்டும் குளோரைடும் சுற்றுவட்டக் கிணறுகளைவிட உயர்ந்திருந்தால் செப்டிக் டேங்க் மீது சந்தேகம் வைக்கலாம். கழிவறையில் ஃப்ளூரசீன் என்ற ஒளிரும் சாயத்தைக் கரைத்து ஊற்றிக் கிணற்று நீரைச் சில நாள் கவனிப்பதும் ஒரு வழி. சாயம் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. வராவிட்டால் தொடர்பில்லை என்று முடிவு கட்ட முடியாது, மெதுவாக வந்துகொண்டிருக்கலாம்.

செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர் இடைவெளி என்ற பழைய விதி நுண்ணிய மணலுக்கும் களிமண்ணுக்கும் பொருந்தும். வெடிப்புள்ள பாறையில் நீர் வடிகட்டப்படாமல் வாய்க்கால்போல் ஓடும். அங்கே 100 மீட்டரும் பாதுகாப்பு இல்லை.

வழியை அடைத்த பிறகு குளோரின். திறந்த கிணற்றுக்குக் கணக்கு எளிது. விட்டம் 2 மீட்டர், நீர் ஆழம் 5 மீட்டர் என்றால் 3.14 × 1 × 1 × 5 = 15.7 கன மீட்டர், அதாவது 15,700 லிட்டர். அதிர்ச்சிக் குளோரினேற்றத்துக்கு (ஒரே தடவையில் அதிகக் குளோரின் போடுவது) லிட்டருக்கு 50 மில்லிகிராம் வைத்தால் 785 கிராம் குளோரின். 25 சதவீதப் பிளீச்சிங் பவுடரில் அது சுமார் 3.1 கிலோ. முதலில் நீரை இறைத்து அளவைக் குறைத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறிய பிறகு அளந்து மருந்து போட்டால் பவுடரும் மிச்சம், பலனும் அதிகம். (சுவரைத் தேய்க்க உள்ளே இறங்குவதற்கு முன் காற்றைச் சோதிக்காமல் இறங்க வேண்டாம். பெட்ரோல், டீசல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. கிருமியைவிட வேகமாகக் கொல்லும் விஷயம் இது.)

பவுடரை அப்படியே மேலே தூவினால் பாதி சுண்ணாம்பாக அடியில் போய் உட்காரும். பிளாஸ்டிக் டிரம்மில் கொஞ்சம் நீர் விட்டுப் பசையாகக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் கிணற்றில் ஊற்றி வாளியால் மேலும் கீழும் கலக்குங்கள். திறந்து வைத்த, ஈரம் கோர்த்த பவுடரில் மூட்டையில் அச்சிட்ட 25 சதவீதம் இருக்காது. மாதங்கள் ஆன பழைய மூட்டையை நம்பி அளந்தால் கணக்கு முழுவதும் பொய்.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் பவுடர் வேண்டாம், அந்தச் சுண்ணாம்பு நீரூற்றுத் துளைகளை அடைக்கும். வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவ பிளீச்) நல்லது. 150 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு 17.7 லிட்டர் நீர் நிற்கும். 60 மீட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 1,060 லிட்டர். அதற்குச் சுமார் ஒரு லிட்டர் ஹைப்போகுளோரைட் சரியாக இருக்கும். நீர் சேர்த்து நீர்க்கச் செய்து ஊற்றியபின், மோட்டாரிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கேசிங்குக்குள்ளேயே விட்டு அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். அப்போதுதான் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள குழாய்ச் சுவரும் நனையும். பிறகு வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 முதல் 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். ஆர்.ஓ. கருவியை முன்பே பிரித்துவிடுங்கள், அதன் சவ்வைக் குளோரின் அரித்துவிடும்.

"இரண்டு மடங்கு போட்டால் நல்லதுதானே" என்று ஆழ்துளைக் கிணற்றில் கேனைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. ஹைப்போகுளோரைட் காரத்தன்மை கொண்டது. கூடப் போடப் போட நீரின் பிஎச் (அமில-கார அளவு) ஏறும். கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பிஎச் 7-இல் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும், 8-இல் கால் பங்காகிவிடும், 9-இல் நூற்றுக்கு மூன்று. வாடை மூக்கைத் துளைக்கும், வேலை நடக்காது. பிஎச்சைக் குறைக்கலாம் என்று கழிப்பறை கழுவும் ஆசிட்டை யாராவது சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

ஊற்றிய குளோரின் ஒரு மணி நேரத்தில் காணாமல் போனால் அதுவும் ஒரு செய்தி. இரும்பும் சேறும் அதைத் தின்றிருக்கலாம். இல்லாவிட்டால் நீரில் அமோனியா இருக்கிறது; ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தாண்டிக் குளோரின் மிச்சம் நிற்க எட்டுப் பத்துப் பங்கு தேவைப்படும். கிணற்றில் அமோனியா என்றால் சாக்கடைக் கசிவுதான் முதல் சந்தேகம், திரும்ப வழியைத் தேடுங்கள்.

நேரம் முடிந்ததும் வாடை போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். அந்த நீரைச் செப்டிக் டேங்கிலோ குளத்திலோ விடாதீர்கள்: டேங்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும், குளத்தில் மீனும் சாகும். வெறும் தரையில் பரவவிட்டால் வெயிலில் குளோரின் சிதைந்துவிடும்.

மறுசோதனையை மறுநாளே செய்தால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும், அதற்கு மதிப்பில்லை. குளோரின் முற்றிலும் போய் ஒரு வாரம் கழித்து ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து ஒன்று, நல்ல மழைக்கு அடுத்த ஓரிரு நாளில் ஒன்று. மூன்றிலும் ஈ.கோலி இல்லை என்றால் கொதிக்க வைப்பதை நிறுத்தலாம்.

மழைக்குப் பின் எடுத்ததில் மட்டும் ஈ.கோலி திரும்ப வந்தால் மேடையும் கேசிங்கும் இன்னும் சரியாகவில்லை. எல்லாவற்றிலும் வந்தால் அந்த ஊற்றே கெட்டிருக்கிறது. வேறு ஆழத்தில் நீர் தேட வேண்டும், அல்லது நிரந்தரமாகச் சுத்திகரிக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டைக்கூட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரினில் போட்டாலும் சாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் கெட்ட ஊற்றுக்குக் குளோரினை மட்டும் நம்பாமல் 5 மைக்ரான் வடிகட்டியும், அதற்குப் பின் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் தரும் புற ஊதா விளக்கும் வையுங்கள். விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீரியம் குறைந்த பிறகும் அது நீல நிறத்தில் எரிந்துகொண்டேதான் இருக்கும்.