பொய்ப் புகார்: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றா?

வாசகர் கேள்வி – பதில்

களியக்காவிளை தொடங்கி குமுளி, பீர்மேடு வரை, கேரள எல்லையோரத் தமிழ் வாசகர்கள் பலர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அக்கா மகன் மீது கேரளப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ஒரு பெண் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். ஏழு மாதம் கழித்து, ஒன்றுமில்லை என்று போலீஸே கேஸை முடித்துவிட்டது. அதற்குள் அவன் வேலை போய்விட்டது, நிச்சயித்த கல்யாணமும் நின்றுபோனது. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. ஒரு ஆண் இப்படிப் பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? – களியக்காவிளை வாசகர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பொய்ப் புகாரைத் தண்டிக்கும் பிரிவுகளில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 217: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவருக்குக் கேடு செய்யும் எண்ணத்தோடு பொய்க் குற்றம் சாட்டினால் 248: ஐந்து வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாட்டிய குற்றம் வன்கொடுமை போலப் பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ளதென்றால், பொய் சொன்னவருக்கும் பத்து வருடம் வரை போகும். சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தியது என்றால் பழைய இ.பி.கோ. 182, 211 பிரிவுகள் பொருந்தும்.

சட்டம் இருந்தும் ஏன் யாரையும் கேட்பதில்லை? முதல் காரணம், கேஸை எப்படி முடித்தார்கள் என்பதில் இருக்கிறது. போலீஸ் கேஸை மூடும்போது 'பொய்', 'தவறான புரிதல்', 'போதிய ஆதாரம் இல்லை' என்று தனித்தனியாக எழுதுவார்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவருக்கு, கேஸை மூடியதைச் சொல்லும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும், கேரளத்தில் ரெஃபர் நோட்டீஸ் என்பார்கள். பெரும்பாலான ஸ்டேஷன்களில் தவறான புரிதல் என்று எழுதி முடிப்பதுதான் எளிது. 'பொய்' என்று எழுதினால் அது தெரிந்தே சொன்ன பொய் என்று காட்ட வேண்டும், வேலை கூடும். அந்த ஒற்றை வார்த்தையில்தான் உங்கள் அக்கா மகனின் அடுத்த வழி இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு இறுதி அறிக்கையின் சான்றிட்ட நகலை வாங்கி, முதலில் அதைப் படியுங்கள்.

இரண்டாவது காரணம், இந்த வழக்கை நீங்களே நேராகப் போட முடியாது. 217 என்றால் புகார் வாங்கிய அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்தில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அதிகபட்சத் தண்டனை ஒரு வருடம்தான் என்பதால் ஒரு வருடக் காலவரம்பும் உண்டு. ஏழு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டதால் மாவட்ட போலீஸ் தலைவருக்கு உடனே எழுதுங்கள். பொய் நீதிமன்ற நடவடிக்கைக்குள் வந்துவிட்டிருந்தால் அந்த நீதிமன்றம்தான் புகார்தாரர் ஆக வேண்டும். அதற்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 379-ன் கீழ் மனு. நீதிபதி தொடக்க விசாரணை செய்து, நீதியின் நலனுக்கு அவசியம் என்று கண்டால்தான் அனுப்புவார். ஆண் சொன்ன பொய்யும் இதே வாசலில்தான் நிற்க வேண்டும். சொத்துத் தகராறில் பொய்ச் சாட்சி சொன்ன எத்தனை ஆண்கள் உள்ளே போனார்கள் என்று உங்கள் ஊர் வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

பொய் தெளிவாக வெளிப்பட்டால் நீதிமன்றம் பெண் என்று பார்த்து விடுவதில்லை. 2024 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், கூண்டில் ஏறித் தன் குற்றச்சாட்டை மாற்றிச் சொன்ன பெண்ணுக்கு, குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் சிறையில் கழித்த அதே 1,653 நாட்களைத் தண்டனையாகக் கொடுத்தார்கள். அபராதம் 5.88 லட்சம் ரூபாய். சென்னையில் 2020-ல் சிவில் நீதிமன்றம் ஒன்று, டி.என்.ஏ. சோதனையால் விடுபட்ட ஒருவருக்குப் புகார் கொடுத்த தரப்பு 15 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. இந்த சிவில் வழி உங்களுக்கும் உண்டு. ஆனால் வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல், தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விடுதலையானாலே புகார் பொய் என்று ஆகிவிடாது. வண்டிப்பெரியாறில் 2021-ல் ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. புலனாய்வில் இருந்த ஓட்டைகளை அந்தத் தீர்ப்பு வரிசையாகச் சொன்னது. குழந்தைக்கு நடந்தது பொய் என்று அங்கே யார் சொல்ல முடியும்?

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-ன்படி இரண்டு வருடம் வரை சிறை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு, அவர் பதினெட்டு வயதைக் கடந்தவர் என்றால், அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. கைதான அன்றே பெயரும் படமும் போகின்றன. கேஸ் மூடிய செய்தி யார் கண்ணிலும் படுவதில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை. அதற்காக ஆத்திரத்தில் அந்தப் பெண்ணின் பெயரை ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். அடுத்த கேஸ் உங்கள் மீது வரும்.

கேள்வி: என் தம்பி கம்பத்திலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுகிறான். அவன் மீது அங்கே ஒரு பெண் புகார் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அந்த நாளில் அவன் அந்த ஊரிலேயே இல்லை. இப்போது என்ன செய்வது? – கம்பம் வாசகி

பதில்: முதல் மூன்று நாள் முக்கியம். அந்தப் பெண்ணுக்கோ அவர் வீட்டுக்கோ போன் செய்யாதீர்கள், ஊர்ப் பெரியவரை சமாதானம் பேச அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் சாட்சியை மிரட்டியதாகத்தான் அது ஜாமீன் மனுவில் வந்து நிற்கும்.

தம்பியின் போனில் எதையும் அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதி இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. மூலப் போன் பத்திரமாக இருக்க வேண்டும். புதிய சாட்சிய சட்டம் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63(4)-ன்படி ஒரு சான்றிதழும் வேண்டும். அதில் 'அ' பகுதியைக் கொடுப்பவரும் 'ஆ' பகுதியை நிபுணரும் நிரப்பி, கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) குறிக்க வேண்டும். பல கேஸ்களில் நல்ல ஆதாரம் இந்த ஒரு தாள் இல்லாமல்தான் வீணாகிறது.

அவன் அங்கே இல்லை என்பதை வாயால் சொல்லாதீர்கள், காகிதத்தால் சொல்லுங்கள். ஜீப்பின் ட்ரிப் ஷீட், டீசல் போட்ட பில், யு.பி.ஐ. பணம் கொடுத்த நேரம், சம்பள ரெஜிஸ்டரில் வைத்த கையெழுத்து எல்லாம் உதவும். செல்போன் அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், அது ஓடிப்போகாது. ஓடிப்போவது சி.சி.டி.வி.தான். கடை, லாட்ஜ், செக்போஸ்ட் அருகில் உள்ள கேமராக்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். இன்றே உரிமையாளருக்குத் தேதி, நேரம் குறித்து, பதிவை எடுத்து வைக்கும்படி கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வக்கீல் மூலம் கோர்ட்டில் அதை வரவழைத்துக்கொள்ளலாம்.

எஃப்.ஐ.ஆரை நெட்டில் தேடாதீர்கள், கிடைக்காது. பாலியல் வழக்குகளின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. மாவட்ட போலீஸ் தலைவருக்கு எழுதிக் கேளுங்கள், அல்லது கோர்ட்டில் நகல் மனுப் போடுங்கள். நகல் வந்ததும் எந்தப் பிரிவு, சம்பவ நேரம் என்ன என்று வரிவரியாகப் பாருங்கள்.

முன்ஜாமீன் தொடுபுழாவில் உள்ள இடுக்கி செஷன்ஸ் கோர்ட்டில் கேட்க வேண்டும். போகும் வழியிலேயே பிடித்துவிடுவார்களோ என்ற பயம் எல்லைப் பக்கத்தில் சகஜம். அதற்கும் வழி இருக்கிறது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வேறு மாநிலத்தில் எஃப்.ஐ.ஆர். இருந்தாலும் சொந்த ஊர் செஷன்ஸ் கோர்ட்டோ உயர் நீதிமன்றமோ குறுகிய காலத்துக்கு இடைக்கால முன்ஜாமீன் தரலாம் என்று தீர்ப்பளித்தது. தேனியிலேயே கேட்கலாம். புகார் கொடுத்தவர் பதினாறு வயதுக்குக் குறைந்தவர் என்றால் வன்கொடுமைப் பிரிவில் முன்ஜாமீன் கிடையாது.

பிறகு ஆதாரங்களைப் பட்டியலிட்டு, புலனாய்வு அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் மனுவில் சொன்னதை மனுவில் குறிப்பிடுங்கள்: புகார் கொடுத்தவர் பெண் என்பதாலேயே அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது, இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் தம்பி போக வேண்டும். தப்பு செய்யாதவனுக்கு டி.என்.ஏ.வைப் போல நல்ல சாட்சி இல்லை.

கேள்வி: கொழுந்து நிறுக்கும் இடத்தில் சூப்பர்வைசர் இரண்டு தடவை இடுப்பைப் பிடித்து இழுத்தான். மூன்று வாரம் கழித்துத்தான் தைரியம் வந்தது. ஸ்டேஷனில் "பொய்யா இருந்தா நீதான் உள்ள போவ" என்றார்கள். மலையாளத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதினார்கள் என்றே தெரியவில்லை. – பீர்மேடு எஸ்டேட் தொழிலாளி

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் சொல்வது வேறு. முதலாவதற்குத் தண்டனை இல்லை. வேலையிடப் பாலியல் தொல்லைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஆதாரம் காட்ட முடியவில்லை என்ற காரணத்துக்காகப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை. மூன்று வாரத் தாமதமும் குற்றமாகாது. தாமதத்தை மட்டும் வைத்துப் பாலியல் புகாரைத் தள்ளக்கூடாது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உங்களைப் போன்றவரை மிரட்டி அனுப்புவதும், முதல் கேள்வி கேட்டவரின் வீட்டுப் பையனை விசாரிக்காமல் பிடிப்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். விசாரிக்க மனமில்லாத இடத்தில் இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்காது.

எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், படித்துக் காட்ட வேண்டும். மலையாளம் படிக்கத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி கேளுங்கள். நீங்கள் 'பிடிச்சான்' என்றது அங்கே 'பீடிப்பிச்சு' என்று ஏறியிருக்கலாம். அந்த வார்த்தையை இன்றைய மலையாளப் பத்திரிகைகள் வன்கொடுமைக்குத்தான் எழுதுகின்றன. 'உபத்திரவம்' என்று நாம் தொந்தரவைச் சொல்வோம். மலையாளத்தில் 'உபத்ரவிச்சு' அடித்ததையும் குறிக்கும், பாலியல் கொடுமையையும் குறிக்கும். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நீங்கள் "இடுப்பைப் பிடித்து இழுத்தான்" என்று உள்ளதைச் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் "அன்று ஒன்று, இன்று ஒன்று" என்பார். நகலில் தப்பு இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

இன்னொன்று. "கொஞ்சம் கூட்டிச் சொல்லு, அப்பத்தான் ஜாமீன் கிடைக்காது" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னதற்கு பி.என்.எஸ். 74 இருக்கிறது, குறைந்தது ஒரு வருடம், அதிகம் ஐந்து வருடம். அது போதும். கூட்டிச் சேர்த்த ஒரு வரி, உண்மையான மீதி அத்தனையையும் பொய்யாகக் காட்டிவிடும்.

எஃப்.ஐ.ஆரே போடவில்லை என்றால் தபாலில் மாவட்ட போலீஸ் தலைவருக்கு அனுப்புங்கள். மறுக்கும் அதிகாரிக்கே பி.என்.எஸ். 199-ன்படி ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. எஸ்டேட்டின் உள் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் தனியாகவும் எழுதுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், எண் 15100.

கேள்வி: காலேஜ் ஹாஸ்டலில் சீனியர்கள் மூன்று பேர் என்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார்கள். எனக்கு வயது 19. "ஆம்பளப் பையனுக்கு அப்படி ஒரு கேஸே கிடையாது" என்கிறார்கள். உண்மையா? – மார்த்தாண்டம் மாணவர்

பதில்: பாதி உண்மை, தம்பி. இரட்டை நியாயம் நிஜமாகவே இருப்பது இங்கேதான். வன்கொடுமையைச் சொல்லும் பி.என்.எஸ். 63-ல் பாதிக்கப்பட்டவர் பெண் மட்டுமே. 2013 பிப்ரவரி அவசரச் சட்டம் இரு பாலருக்கும் பொதுவாக எழுதியது. மார்ச்சில் நாடாளுமன்றம் அதைப் பழையபடி மாற்றியது. பழைய இ.பி.கோ.வில் ஆண்களுக்கு இருந்த 377-ஆவது பிரிவும் புதிய சட்டத்தில் இல்லை. சம்மதமில்லாத செயலுக்காவது அதை வைத்திருங்கள் என்று 2023-ல் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் விட்டுவிட்டார்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் போக்சோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

ஆனாலும் கேஸ் உண்டு. காயம், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், மிரட்டல் என்று பிரிவுகள் போடலாம். பாலியல் அத்துமீறலும் ராகிங்தான் என்று யு.ஜி.சி.யின் 2009 விதிகள் சொல்கின்றன. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் பதியலாம். உடைகளைத் துவைக்காமல் காகித உறையில் வைத்து, அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே.

கேள்வி: வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரர், தன் பத்து வயது மகளை வைத்து என் அப்பா மீது போக்சோ புகார் கொடுத்திருக்கிறார். மூன்று லட்சம் கொடுத்தால் வாபஸ் என்கிறார். – செங்கோட்டை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். போக்சோ கேஸைப் பணத்தால் வாபஸ் வாங்க முடியாது. கொடுத்த பணம் உங்கள் அப்பா மீதான சந்தேகமாகத்தான் திரும்பி வரும். புகார் பொய் என்றாலும் குழந்தைக்குத் தண்டனை இல்லை, இருக்கவும் கூடாது. அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ அப்படிப் புகார் கொடுத்த பெரியவருக்கு போக்சோ 22-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பணம் கேட்டு மிரட்டியது பி.என்.எஸ். 308-ல் தனிக் குற்றம். நிலத் தகராறு புகாருக்கு முந்தியது என்பதைக் காட்ட பட்டா, சர்வேயரிடம் கொடுத்த மனு, பழைய புகாருக்கு ஸ்டேஷன் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வக்கீலிடம் கொடுங்கள். பணம் கேட்டு வந்த போன் எண், நாள், நேரம், பேசியது எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். அந்தக் குழந்தையிடம் மட்டும் உங்கள் வீட்டார் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.