எப்போதும் கடைசி நேரத்தில் தோற்கும் அணிக்கு ஏன் இன்னும் ரசிகராக இருக்கிறீர்கள்? வேறு அணிக்கு மாறிவிட்டால் என்ன?

நான் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் ரசிகை. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத சொந்தக்காரர் கிடையாது, கூட வேலை பார்ப்பவர் கிடையாது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் அநேகமாக ஒரு அரையிறுதியோ இறுதிப் போட்டியோ கைநழுவிப்போன மறுநாள்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். "இனிமேல் இவங்க ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டேன்" என்று யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அப்படி ஒருவருக்குச் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. "இந்தியாவில் இருந்துகொண்டு அடுத்த நாட்டுக்குக் கைதட்டுகிறாயே" என்று யாராவது கட்டாயம் வருவார்கள். இந்தியா வேறு எந்த அணியோடு மோதினாலும் இந்தியா ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைப்பேன். தென்னாப்பிரிக்காவோடு மோதும் அன்று மட்டும் மனம் அந்தப் பக்கம் போகிறது. கால்பந்தில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பேனர் கட்டுகிறவர்களின் நாட்டுப்பற்றை யாரும் சோதிப்பதில்லை. கிரிக்கெட்டில் மட்டும் ஏன் இந்தச் சோதனை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னை இழுத்துப் போட்டது 1999 உலகக் கோப்பை. லான்ஸ் குளூஸ்னர் அந்தக் கனமான மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் இறங்கினால் எந்த ஆட்டமும் முடிந்துபோனதாகத் தெரியாது. தொடர் நாயகன் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அந்த உலகக் கோப்பையைப் பற்றி யார் பேசினாலும் எட்ஜ்பாஸ்டன் அரையிறுதியின் கடைசி ஓவரைத்தான் பேசுவார்கள். ஆஸ்திரேலியா 213. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், கையில் இருப்பது ஒரே விக்கெட். டேமியன் பிளெமிங் வீசிய முதல் இரண்டு பந்துகளையும் குளூஸ்னர் பவுண்டரிக்கு அறைந்தார். ஸ்கோர் சமன். நாலு பந்தில் ஒரு ரன்.

எல்லோரும் நாலாவது பந்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். குளூஸ்னர் ஓடுகிறார், எதிர்முனையில் ஆலன் டொனால்டு மட்டையைத் தவறவிட்டு நிற்கிறார், பந்து மார்க் வாவிடமிருந்து பிளெமிங்குக்கும் அவரிடமிருந்து கில்கிறிஸ்டுக்கும் உருண்டு போகிறது. நான் போட்டுப் பார்ப்பது மூன்றாவது பந்தை. அதில் டொனால்டு ஓடத் தயாராகிக் கிரீஸை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார். ஆஸ்திரேலிய ஃபீல்டர் லேமன் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டிருந்தால் அப்போதே ஆட்டம் முடிந்திருக்கும். தப்பித்தவர் என்ன செய்வார்? அடுத்த பந்துக்குக் கிரீஸோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்பார். டொனால்டும் அதைத்தான் செய்தார். பயந்தாங்கொள்ளி, மூளையில்லாதவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் அந்த மூன்றாவது பந்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டட்டும். டொனால்டு ரன் அவுட், ஆட்டம் டை ஆனது. அரையிறுதிக்கு முந்தைய சுற்றான சூப்பர் சிக்ஸின் பட்டியலில் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. அந்த ஆட்டத்தில் தோற்காமலேயே என் அணி வெளியே வந்தது.

அதிலிருந்து 'சோக்கர்ஸ்' என்ற பட்டம் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. நெருக்கடி வந்தால் நெஞ்சடைத்து நிற்கிறவர்கள் என்று. எனக்கு இந்த வார்த்தை மேல் தீராத கோபம் உண்டு. ஒவ்வொரு தோல்வியையும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. 1992-ல் சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. 13 பந்தில் 22 ரன் என்ற நிலையில் மழை வந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்து ஆட வந்தவர்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு பந்து, தேவை 21 ரன். குறைந்த ரன் போன ஓவர்களைத்தான் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்ற விசித்திரமான விதி அப்போது இருந்தது. இதில் யாருக்கு நெஞ்சடைத்தது? 2003-ல் சொந்த மண்ணில், டர்பனில் இலங்கையோடு ஆட்டம். மழையால் ஆட்டம் நின்றால், அதற்குள் 229 எடுத்திருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மார்க் பவுச்சர் முரளிதரனை சிக்ஸர் அடித்து 229-ஐத் தொட்டார். அந்த ஓவரின் கடைசிப் பந்தை ரன் எடுக்காமல் தடுத்து ஆடினார். 229 என்பது சமன் ஆவதற்கான எண், ஜெயிக்க 230 வேண்டும். ஆட்டம் அத்தோடு நின்றது, முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அது கணக்குப் பார்த்ததில் வந்த பிழை. பவுச்சருக்கு தைரியம் குறைந்ததால் வந்தது இல்லை.

சரி, எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2011 காலிறுதியில் நியூசிலாந்தின் 221 ரன்னைத் துரத்தி, 108-க்கு 2 என்று வசதியாக இருந்துவிட்டு 172-ல் சுருண்டார்களே, அதை நெஞ்சடைப்பு என்றால் நான் மறுக்க மாட்டேன். 2015-ல் அதே நியூசிலாந்தோடு ஆக்லாந்தில் நடந்த அரையிறுதியில் கைக்கு வந்த ரன் அவுட்களைக் கோட்டைவிட்டார்கள், கேட்சுக்குப் போன இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். கடைசிக்கு முந்தைய பந்தில் டேல் ஸ்டெயினை சிக்ஸருக்குத் தூக்கி ஆட்டத்தை முடித்தவர் கிராண்ட் எலியட். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்! பிட்ச்சில் விழுந்து கிடந்த ஸ்டெயினுக்கு அவர் குனிந்து கை நீட்டியதைப் பார்த்தபோது அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அது இன்னும் கொடுமை.

இனி 2024. டி20 உலகக் கோப்பை இறுதி, பார்படாஸ், எதிரணி இந்தியா. எங்கள் வீட்டு ஹாலில் குடும்பமே கூடியிருந்தது. நான் உள்ளறையில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் வரும் நேரலை டிவியைவிட அரை நிமிடம் பின்னால் வரும், இது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஹாலில் கூச்சல் எழுந்தால் எனக்குக் கெட்ட செய்தி வரப்போகிறது என்று அர்த்தம். அமைதியாக இருந்தால் நல்லது. 15-வது ஓவரை அக்சர் படேல் வீசியபோது ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் என் போனில் கிளாசன் அடித்த பந்துகள் பறந்தன. அந்த ஓவரில் 24 ரன். 30 பந்தில் 30 ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட். என் தம்பி கதவருகே வந்து நின்று, "ஜெயிச்சிட்டக்கா நீ" என்றான். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "இன்னும் பும்ராவுக்கு ரெண்டு ஓவர் இருக்குடா, பேசாம போ" என்றேன்.

17-வது ஓவரின் முதல் பந்தில் கிளாசன் போனார். 18-வது ஓவரில் பும்ரா கொடுத்தது இரண்டே ரன். அடுத்து அர்ஷ்தீப் கொடுத்தது நான்கு. கடைசி ஓவரில் 16 ரன், முனையில் மில்லர். போனில் ஹர்திக் பாண்டியா பந்து வீசத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார், மில்லர் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறார். ஹாலில் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அந்த மனிதர் கிரீஸில் நின்று ஃபீல்டர்களை எண்ணிப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பந்து லாங் ஆஃபுக்கு உயர்ந்தது, சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்து, மேலே எறிந்து, வெளியே போய்த் திரும்பி வந்து மறுபடியும் பிடித்தார். அது அபாரமான கேட்ச், அதைக் குறைசொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. 7 ரன்னில் போனது. போனை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போய் எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்தார், எதுவும் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இது நீங்கள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். வேலை செய்யும் இடத்தில் ஒருவர், "டி காக் பார்க்க நல்லா இருக்கார், அதனாலதானே அந்த டீமைப் பிடிக்கும்?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எல்பிடபிள்யூன்னா என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று சிரித்தார். ஆண்கள் யாரும் ஒரு அணிக்கு ரசிகராக இருக்க இப்படித் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஒரு பெண் மட்டும் விதிகளை ஒப்பித்துவிட்டுத்தான் ரசிகை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமா? பழைய பந்தை ஸ்டெயின் எப்படி உள்ளே கொண்டுவருவார் என்று நான் அரைமணி நேரம் பேசுவேன். ஆனால் கேட்டவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இதே நிலைமையில் இருந்தால், நீங்களும் பதில் சொல்லாதீர்கள்.

அப்புறம், தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணியும் 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று உலகக் கோப்பை இறுதிகளில் தோற்றிருக்கிறது. கடைசியாக நவி மும்பையில் இந்தியாவிடம். லாரா வோல்வார்ட் அரையிறுதியில் 169, இறுதியில் 101 அடித்தும் கோப்பை வரவில்லை. அன்று மட்டும் எனக்கு இரண்டு பக்கமும் கண்ணீர் வந்தது. இந்தியப் பெண்கள் முதல் உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2025 ஜூன், லார்ட்ஸ், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி, எதிரணி ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் தென்னாப்பிரிக்கா 138-க்குச் சுருண்டது. எனக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அங்கேயே அனுதாபச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஜெயிக்க 282 வேண்டும், எதிரே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட். மார்க்ரமும் கேப்டன் பவுமாவும் சேர்ந்தார்கள். பவுமாவுக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ரன்னுக்கும் நொண்டிக்கொண்டே ஓடினார். உள்ளே வரச் சொல்லலாமா என்ற பேச்சு எழுந்தும் அவர் போகவில்லை. 147 ரன் கூட்டணி. அந்த மனிதரை உயரத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் 'கோட்டாவில் (நிற ஒதுக்கீட்டில்) வந்தவர்' என்றும் எத்தனை வருடம் கேலி செய்தார்கள். அவர் நொண்டிக்கொண்டு எடுத்த 66 ரன் எனக்கு எந்தச் சதத்தையும்விடப் பெரியது.

நாலாம் நாள் காலை அவர் சீக்கிரமே அவுட் ஆனபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பழைய கணக்குகள் எல்லாம் மனதுக்குள் ஓடின. மார்க்ரம் 136-ல் போனபோது தேவை வெறும் 6 ரன், அப்போதும் என்னால் உட்கார முடியவில்லை. வெரைன் அந்தக் கடைசி ரன்னை அடித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. 1998-ல் டாக்காவில் வாங்கிய கோப்பைக்குப் பிறகு ஆண்கள் அணிக்கு இதுதான் முதல் ஐசிசி பட்டம். அந்த நாலு நாளில் எனக்குக் கிடைத்தது, போன மாதம் மாறி வந்த ஒரு ரசிகருக்குக் கிடைத்திருக்காது. எட்ஜ்பாஸ்டனையும் ஆக்லாந்தையும் பார்படாஸையும் பார்த்தவர்களுக்குத்தான் அந்த 6 ரன்னின் கனம் தெரியும். ஏன் மாறவில்லை என்று கேட்டால் என்னிடம் இருக்கும் பதில் இதுதான். மாறியிருந்தால் அந்தக் காலை எனக்கு இருந்திருக்காது.

"சுலபமான அணிகளோடு ஆடித்தானே இறுதிக்கு வந்தார்கள்" என்பவர்களுக்கு: இறுதிக்கு முந்தைய அந்த இரண்டு வருடச் சுழற்சியில் தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்ததே 12 டெஸ்ட்கள்தான், எல்லாம் இரண்டு டெஸ்ட் தொடர்கள். அட்டவணையை ரபாடாவா போட்டார்? இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஒன்பது விக்கெட்டுகளை எடுத்தது அவர்தானே.

என் நிஜமான எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் உள்ளூர் டி20 லீக் நடக்கிறது என்பதற்காக நியூசிலாந்து டெஸ்ட் தொடருக்கு இரண்டாம் தர அணியை அனுப்பினார்கள். கேப்டன் நீல் பிராண்டே அதற்கு முன் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். இரண்டு டெஸ்டிலும் தோற்றார்கள். டெஸ்ட் சாம்பியன் ஆன பிறகு வந்த 2025–26 சீசனில் சொந்த மண்ணில் ஆண்களுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை. பட்டம் வாங்கிய அணியை சொந்த ஊர் ரசிகர்கள் வெள்ளை உடையில் பார்க்க முடியவில்லை. டொனால்டின் மட்டை விழுந்ததை நான் மன்னித்துவிட்டேன், இதை மன்னிக்க மாட்டேன்.

நீங்கள் எந்த அணியின் ரசிகர் என்று எழுதவில்லை. கொஞ்ச நாள் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இருங்கள், அதில் தப்பில்லை. 2015-க்குப் பிறகு நானும் ஒரு சீசன் முழுக்கப் பார்க்கவில்லை. அடுத்த தொடருக்கு அணி அறிவித்தார்களா என்று கை தானாகத் தேடும் நாள் வரும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

2027 ஒருநாள் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்கிறது. ரபாடாவுக்கு அப்போது 32 வயதிருக்கும், பவுமாவுக்கு 37. இந்த இரண்டு பேரையும் அதுவரை பத்திரமாக ஆட வைக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் கவலை. கடைசிப் பத்து ஓவரை ரபாடாவோடு சேர்ந்து யார் வீசுவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. யாராவது தனிக் கேள்வியாகக் கேட்டால் எழுதுகிறேன்.