சிறுத்த இடையும் துணிக் கூப்பனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1940, 50களின் மேலைநாட்டுப் பெண்களின் பழைய புகைப்படங்களை விரும்பிப் பார்ப்பவள் நான். சிறுத்த இடை, கையுறை, தொப்பி, குடைபோல் விரிந்த பாவாடை. கடைக்குப் போகும்போதுகூட இப்படித்தான் போனார்களா? எல்லாரும் எப்படி அவ்வளவு ஒயிலாக இருந்தார்கள்? இன்று நான் உடுத்துவதைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வெட்கமெல்லாம் எதற்கு? நீங்கள் பார்த்தவர்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு கேமரா முன் நின்றவர்கள்.

வில்லி மேவால்ட் என்ற புகைப்படக்காரர் எடுத்த ஒரு படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஸேன் நதிக்கரை, வெளிர்நிற மேல்சட்டை, கறுப்பு மடிப்புப் பாவாடை, அகலத் தொப்பி. ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் காட்டிய முதல் ஆடைத் தொகுப்பின் உடை அது. ஹார்ப்பர்ஸ் பஸார் என்ற ஃபேஷன் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ 'நியூ லுக்' (புதிய தோற்றம்) என்று சொல்ல, அதுவே அந்தப் பாணிக்குப் பெயராகிவிட்டது. படத்தையும் 1947 என்றே போட்டுப் பகிர்கிறார்கள். ஆனால் அது 1950களில், அதே உடையை மறுபடி அணியவைத்து எடுத்தது.

அந்த இடையும் அப்படித்தான். உள்ளே இறுக்கிக் கட்டிய கச்சை. மேல்சட்டையின் கீழ்விளிம்பில், இடுப்பின் இருபுறமும் திண்டு வைத்துத் தைத்திருக்கும். இடுப்பு அகன்றால் இடை தானாகச் சிறுத்துத் தெரியும். அப்புறம் புகைப்படக்காரரின் பங்கு. உடை தொளதொளவென்று இருந்தால் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுவார்கள், முன்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பலர் வைத்திருந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். லென்ஸ் தாழ்வாக இருப்பதால் நிற்பவர் நெடுநெடுவென்று தெரிவார். மிச்சத்தை நெகட்டிவில் பென்சிலும் தூரிகையுமாகச் சரிசெய்தார்கள்.

இதே ஆண்டுகளில் சாதாரணப் பெண்கள் என்ன உடுத்தினார்கள்? இரண்டாம் உலகப்போரால் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். அமெரிக்காவில் 1942இல் பாவாடையின் நீள அகலத்துக்கே அரசு வரம்பு போட்டது. காலுறை செய்யும் நைலான் போரில் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், வெறுங்காலில் புருவப் பென்சிலால் காலுறையின் பின்தையலைக் கோடாக வரைந்துகொண்டார்கள். ஒருத்தி நாற்காலியில் ஏறி நிற்க, இன்னொருத்தி கோடு போடும் படங்கள்கூட இருக்கின்றன. எனக்கு எந்த மாடலின் படத்தையும்விட இவை பிடிக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் டியோர் ஒரு பாவாடைக்குள் மீட்டர் மீட்டராகத் துணியை அள்ளிப் போட்டார். ஏங்கிக் கிடந்த பலர் சொக்கிப்போனார்கள், சிலருக்கு வயிறெரிந்தது. அதே 1947இல் பாரிஸின் லெப்பிக் தெருச் சந்தையில் நியூ லுக் அணிந்து வந்த பெண்ணைச் சுற்றிவளைத்து, உடையைப் பிடித்து இழுத்துக் கிழிக்கிறார்கள் மற்ற பெண்கள். அதற்கும் படம் இருக்கிறது. டியோர் உடையையும் அதைப் பார்த்த சாதாரணப் பெண்ணின் முகத்தையும் ஒரே சட்டகத்தில் வேறெங்கு பார்க்க முடியும்?

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தொப்பியும் கையுறையும் மட்டும் பொய்யில்லை. நகரத்தில் நடுத்தர வர்க்கப் பெண்கள் வெளியே கிளம்பினால் பெரும்பாலும் அவை இருக்கும். மற்றதற்கு, யாரோ வீட்டு ஆல்பத்திலிருந்து உதிர்ந்த படங்களைத் தேடிப் பாருங்கள். விளிம்பைப் பிரித்து நீளம் கூட்டிய பாவாடையில் பழைய மடிப்புக் கோடு அழியாமல் நிற்கும். ஏப்ரனைக் கழற்ற மறந்திருப்பார்கள், வெயிலில் கண்ணைச் சுருக்கியிருப்பார்கள். அப்படியே விவியன் மேயரையும் பாருங்கள். பிள்ளை பார்க்கும் வேலையிலிருந்துகொண்டு நியூயார்க், சிகாகோ தெருக்களில் படமெடுத்தவர். அவர் கையிலும் ரோலிஃப்ளெக்ஸ்தான். ஆனால் அவர் யாரையும் அலங்கரித்து நிறுத்தவில்லை.