லேட்டாக வந்தால் கையில் வாரியலா?

குமரி மாவட்டத்தில் நெடுநாளாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியரிடம் சில கேள்விகள்.

குளச்சலில் இருந்து ஒரு அம்மா: பத்து நிமிஷம் லேட்டாகப் போனதற்கு என் மகனைக் கக்கூஸ் கழுவ விட்டார் கோச். இது சரியா சார்?

சரியில்லை. பள்ளிக்கூடம் என்றால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. தனி கிளப் என்றாலும் நேரில் போய்ப் பேசுங்கள், பையன் முன்னால் வேண்டாம். நம்ம ஊரில் இந்த வேலையை யார் தலையில் கட்டினோம் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டிப் பெருக்கிப் பிழைக்கும் அம்மாவின் பிள்ளையும் அந்த டீமில் இருப்பான். அவன் மனசு என்ன பாடுபடும்?

தூத்தூர், இளம் கோச்: அப்போ ஒழுங்கு எப்படி சார் வரும்?

வேலையே கூடாது என்று சொல்லவில்லை தம்பி. எல்லோருக்கும் முறை வையுங்கள். நானும் ஒருகாலத்தில் லேட்டாக வந்தவனை ஜெர்சி துவைக்க விட்டவன்தான். ஒருநாள் ஒரு பையன் சோப்பில் கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்தான். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த காயம். விடியற்காலையில் அப்பாவோடு கரைமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் மீன்வலை, இழுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். நான் காரணமே கேட்கவில்லை. மறுநாள் முறைப் பட்டியல் ஒட்டினேன், முதல் பெயர் என்னுடையது. இப்போது சும்மா லேட்டாக வந்தால் பயிற்சி ஆட்டத்தில் முதல் பாதி வெளியே. தண்ணீர்க் கேனை உதைத்துக் கொட்டினவன் அவனே நிரப்பி வைக்கணும். அது தண்டனை இல்லை, கொட்டினதை ஈடுகட்டுவது.

நாகர்கோவில், பத்தாம் வகுப்பு மாணவி: பையன்கள் ஆடினாலும் கிரவுண்டைக் கூட்டுவது நாங்கள்தான் சார்.

பட்டியலில் பையன்கள் பெயரையும் போடச் சொல்லு மக்களே. 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்திடம் 3-2 என்று தோற்ற ஜப்பான் அணி, உடை மாற்றும் அறையைப் பளிச்சென்று வைத்து, ரஷ்ய மொழியில் நன்றி எழுதிவிட்டுப் போனது. அது ஆண்கள் அணி!

தக்கலை, ஒரு அப்பா: பத்து ரவுண்டு ஓட விடலாமே?

வேண்டாம். ஓட்டத்தையே வெறுத்துவிடுவான்.

ஒரு கேப்டன்: கோச்சே லேட்டாக வந்தால்?

நானும் முதல் பாதி வெளியேதான். போன மாசம் பஸ் காலை வாரிவிட்டது. விசிலைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கல்லில் உட்கார வைத்துவிட்டார்கள். பயல்களுக்கு ஒரே கொண்டாட்டம்.