இஞ்சின் இரைச்சலில் மங்கிய காதுக்கு எத்தனை சதவீதம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் குடியிருக்கிறோம். இளம் வயதிலிருந்தே ஆழ்கடல் விசைப்படகில் இஞ்சின் பார்த்தவர். நாங்கள் பேசும் சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறோம் என்பது விளங்கவில்லை என்கிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அரசு மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு முறை பரிசோதித்த பிறகும், பெரா என்னும் செவி நரம்புப் பரிசோதனைக்கு என்று இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார்கள். 40 சதவீதம் வருவது கடினம் என்றும் சொல்கிறார்கள். எதற்காக இத்தனை அலைச்சல்? சதவீதம் வராவிட்டால் காது கேட்கும் கருவியும் கிடைக்காதா?

பதில்: அரசு மருத்துவமனையில் செவித்திறன் நிபுணராகப் பணியாற்றும் எவரும் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி இது. சான்றிதழ், கருவி என்ற இரண்டையும் நீங்கள் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். அவற்றைத் தனித்தனியே பார்த்தால் உங்கள் தந்தைக்கு வழி கிடைக்கும். சான்றிதழ் கைக்கு வரும்வரை கருவியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை.

முதலில் சதவீதத்தைப் பார்ப்போம். மருத்துவமனையில் தந்த ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டமும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறியும் இட்டிருப்பார்கள். மேலே 250 தொடங்கி 8000 வரை எழுதியிருப்பவை, ஹெர்ட்ஸ் கணக்கில், ஒலியின் அதிர்வெண்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக இறங்குபவை சத்தத்தைக் குறிக்கும் டெசிபல் அளவுகள். குறி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அந்த அதிர்வெண்ணில் அவ்வளவு கூடுதல் சத்தம் தேவைப்படுகிறது என்று பொருள். பல ஆண்டுகள் இஞ்சின் இரைச்சலில் இருந்தவர்களின் தாளில் கோடு இடப்பக்கம் ஓரளவு மேலேயே சென்று, 2000-ஐத் தாண்டியதும் சரிந்து விழும். தாழ்ந்த (கட்டையான) ஒலிகளை உணரும் பகுதி ஓரளவு தப்பிவிட, 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த (கீச்சென்ற) ஒலிகளை உணரும் நுண்மயிர் செல்களே இரைச்சலில் முதலில் அழிகின்றன. அழிந்த செல்கள் மனிதக் காதில் மீண்டும் முளைப்பதில்லை.

உங்கள் தந்தை சொல்லும் குறைக்குக் காரணமும் இதுவே. பேச்சின் பருமனைத் தருகிற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிகிறது. ச, ஸ, த போன்ற மெய்யொலிகளை அடையாளம் காட்டும் நுண்ணிய கூறுகள் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், 'சாலை' அவர் காதில் 'காலை' ஆகிறது. வீட்டில் மின்விசிறி ஓடும்போதும், நாலு பேர் சேர்ந்து பேசும்போதும் இந்தத் தடுமாற்றம் இரட்டிப்பாகும். அவர் வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறார் என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் குற்றச்சாட்டை இன்றோடு கைவிடச் சொல்லுங்கள்.

சான்றிதழுக்கான கணக்கோ இந்தச் சரிவைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களிலும் உள்ள அளவுகளைக் கூட்டி நான்கால் வகுக்கிறோம். எடுத்துக்காட்டாக ஒரு காதில் அவை முறையே 25, 35, 60, 80 என்று இருந்தால் சராசரி 50 டெசிபல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரையே செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. ஆகவே 4000-இல் 80 டெசிபல் இழந்து, பாதிப் பேச்சைத் தவறவிடும் ஒருவர்கூட இந்தக் கணக்கில் வெளியே நிற்க நேரிடுகிறது. மேலும், ஒவ்வொரு காதின் சராசரியையும் சதவீதமாக மாற்றி, இரு காதுகளின் சதவீதத்தைச் சேர்க்கும்போது நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு காது முழுமையாகப் பழுதாகி 100 சதவீதம் என்றாலும், மறு காது நலமாக இருந்தால் மொத்தம் 17 சதவீதத்தைத் தொடாது. இரைச்சலால் காது கெட்டவர்களுக்கு இந்த முறை நியாயம் செய்வதில்லை என்பது என் சொந்தக் கருத்து. 'கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்' என்று கேட்பவர்களிடம், எங்கள் கையில் இருப்பது அளவுகோல் மட்டும்தான் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. முடிவு தவறு என்று நீங்கள் உறுதியாகக் கருதினால், அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

இனி அலைச்சலுக்கு வருவோம். தூத்தூரிலிருந்து மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து மாறிச் செல்லும் ஒருவருக்கு மூன்றாவது தேதி என்பது எரிச்சலூட்டும் செய்திதான். ஆனால் சான்றிதழ் பொதுவாக நிரந்தர இழப்புக்கே தரப்படுவது. காதில் குறும்பியோ சீழோ செவிப்பறையில் துளையோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் அதற்குச் சிகிச்சை அளித்துவிட்டுத்தான் அளவெடுக்க அனுப்புவார். கடலில் இருப்பவர்களுக்குக் காதில் நீர் வடிவது அடிக்கடி நேர்வது என்பதால், முதல் வருகை பெரும்பாலும் இதிலேயே கழியும். கடலிலிருந்து கரையேறிய கையோடு பரிசோதனைக்கு வருவதும் வீண். பேரிரைச்சலில் இருந்து வெளிவந்த காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். குறைந்தது 16 மணி நேரம் அமைதியில் இருந்த பிறகு எடுக்கும் அளவையே நம்ப முடியும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இறங்கியவுடன் நேரே மருத்துவமனைக்கு வருபவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதன் காரணம் இதுதான்.

ஒலி புகாத அறையில் நடக்கும் சோதனை, கேட்பவரின் ஒத்துழைப்பை நம்பியது. ஒலி கேட்டதும் கையை உயர்த்தவோ பொத்தானை அழுத்தவோ வேண்டும். ஹெட்போனில் 80 டெசிபலுக்குக் குறைவாக எதற்கும் கை தூக்காத ஒருவர், அதைக் கழற்றியதும் முதுகுப் பக்கமிருந்து சாதாரணக் குரலில் 'ஐயா, உங்கள் செருப்பு வெளியே கிடக்கிறதே' என்றால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். ஒரு சிலர் செய்யும் இந்த வேலையால், உண்மையாகவே கேட்காதவர்களும் கூடுதல் சோதனைகளைச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஈரசைச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்யும் பேச்சுச் சோதனையின் முடிவும் முந்தைய சராசரியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். இரண்டும் விலகி நின்றால் பெராவுக்கு அனுப்புவோம். உங்கள் தந்தை ஏமாற்றுகிறார் என்று யாரும் முடிவு கட்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். வயதானவர்களில் பலர் சோதனை முறை பிடிபடாமலேயே தாமதமாகக் கை தூக்குவதுண்டு.

பெரா என்பது ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத் தண்டும் எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்வது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. கண்ணை மூடி அசையாமல் படுத்திருந்தால் போதும், தூங்கிவிட்டால் இன்னும் நல்லது. அன்று தலையில் தேங்காயெண்ணெய் வைக்காமல் அழைத்துச் செல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை சரியாக ஒட்டாமல் பதிவு கெட்டுவிடும். வழக்கமான கிளிக் ஒலி பெரா பெரும்பாலும் 2000 முதல் 4000 வரையுள்ள பகுதியையே காட்டுவதால், உங்கள் தந்தையின் வகை இழப்பில் அது உண்மைச் சராசரியைவிட மோசமான எண்ணைத் தரக்கூடும். அந்த ஒற்றைத் தாளைக் காட்டிச் சதவீதம் கேட்டுப் பயனில்லை. மற்றச் சோதனைகளைச் சரிபார்க்கவே அது உதவும்.

கருவியைப் பொறுத்தவரை, 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. அந்த அளவு வராவிட்டாலும் உங்கள் தந்தைக்கு 60 வயது கடந்துவிட்டதால் 2017-இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் விண்ணப்பிக்க முடியும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள மூத்த குடிமக்களுக்கு, முதுமையால் வரும் குறைகளுக்காக அலிம்கோ என்னும் மத்திய அரசு நிறுவனம் நடத்தும் முகாம்களில் காது கேட்கும் கருவியும் வழங்கப்படுகிறது. முகாம் எப்போது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

எந்த வழியில் கிடைத்தாலும், சட்டைப் பையில் செருகும் பழைய வகைக் கருவி இவருக்கு வேண்டாம். ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளையும் அது சேர்த்து உயர்த்துவதால், ஒரே வாரத்தில் கருவி அலமாரிக்குப் போய்விடும். காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் கருவியை ஆடியோகிராம் தாளின்படி, உயர்ந்த அதிர்வெண்களுக்கு மட்டும் கூட்டி அமைத்துத் தரச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பாத்திரம் உரசும் ஓசைகூட அவருக்குக் கூர்மையாகத் தெறிக்கும். அமைதியான அறையில் ஒருவரோடு பேசிப் பழகி, பிறகு கூட்டத்துக்குப் போகட்டும். கடலோர உப்புக்காற்று கருவிக்கு எமன். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்துவிடுங்கள்.

அவர் இன்னும் கடலுக்குப் போகிறார் என்றால் இஞ்சின் அறையில் கருவியைக் கழற்றிவிட்டு, முழுக் காதையும் மூடும் காதுறை அணிய வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடமே தாங்கும். பஞ்சை உருட்டி அடைப்பது போதிய பாதுகாப்பு தராது. அதே படகில் உங்கள் சகோதரர்கள் யாரேனும் வேலை செய்தால் அவர்களையும் ஒரு முறை ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள்; 4000-இல் மட்டும் ஒரு பள்ளம் தெரியும் கட்டத்தில் காதுறையைப் போட்டுக்கொண்டால் பேச்சு கெடாமல் காக்கலாம். பெரா தேதியைத் தவறவிடாதீர்கள். போகும்போது ஆதார் அட்டையையும் முந்தைய இரண்டு ஆடியோகிராம் தாள்களையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.